பிசிஓஎஸ் இருக்கா? எடை மிஷினை ஓரமாக வைத்துவிட்டு இஞ்ச் டேப்பை எடுங்கள்

ஸ்கேன் ரிப்போர்ட்டில் பிசிஓஎஸ் (சினைப்பையைப் பாதிக்கும் ஹார்மோன் கோளாறு) என்று வந்தாலே போதும், அத்தையிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா வரை "வெயிட்டைக் குறைம்மா" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கிலோவை விட இங்கே முக்கியம் வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு. அது இன்சுலினை ஒழுங்காக வேலை செய்ய விடாது, ஈடுகட்ட உடம்பு இன்னும் இன்சுலினைச் சுரக்கும், அது சினைப்பையை ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனை அதிகம் சுரக்கத் தூண்டும், அப்புறம் பீரியட்ஸ் தள்ளிப்போவது, தாடையில் முடி, பரு எல்லாம் வரிசையாக வரும். பின்கழுத்து கறுத்துத் தடித்திருப்பதும் பெரும்பாலும் இன்சுலின் சமாச்சாரம்தான், எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாது. ஒல்லியான பெண்களுக்கும் இதெல்லாம் வரும்.

சரி, எப்படி அளப்பது? பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளக்காதீர்கள், அது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். பக்கவாட்டில் விரலால் தடவிப் பார்த்தால் கடைசி விலா எலும்பும் அதற்குக் கீழே இடுப்பெலும்பின் மேல் விளிம்பும் தட்டுப்படும். இரண்டுக்கும் நட்டநடுவில் தையல் டேப்பைச் சுற்றி, மூச்சைச் சாதாரணமாக விட்ட பிறகு பாருங்கள். வயிற்றை எக்கினால் ஏமாறுவது நீங்கள்தான். நம் பெண்களுக்கு 80 செ.மீ., அதாவது ஏறக்குறைய முப்பத்தொன்றரை இஞ்ச், அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். மாதம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் அளந்தால் போதும்.

கொழுப்பு சதவீதம் காட்டும் மிஷின்கள் உடம்பிலுள்ள நீரை வைத்துக் கணக்குப் போடுபவை. பீரியட்ஸுக்கு முன்னால் உடம்பு நீர் கோத்தால் எண்ணும் மாறும், அதைப் பார்த்து அழாதீர்கள்.

வயிற்றுக் கொழுப்பைக் குறைப்பதற்கு வாரம் 150 நிமிடமாவது வேகமான நடை வேண்டும். அதோடு வாரம் இரண்டு நாள், இடைவெளி விட்டு, தசைக்கு வேலை கொடுங்கள். பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இதைத்தான். சாப்பிட்ட சர்க்கரையை அதிகம் வாங்கிக்கொள்வது தசை. ஜிம்மெல்லாம் வேண்டாம், நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது என்று தொடங்கலாம்.

பிசிஓஎஸ்ஸுக்கென்று தனி டயட் கிடையாது, யாராவது விற்றால் வாங்காதீர்கள். சோற்றைக் கொஞ்சம் குறைத்து அந்த இடத்தில் சுண்டல், முட்டை, மீன், காய் வைத்தாலே பெரிய மாற்றம். எடை கூடியிருப்பவர்கள் ஐந்து சதவீதம், 80 கிலோ என்றால் 4 கிலோ, குறைத்தாலே பலருக்கு மாதவிடாய்ச் சுழற்சி சீராகத் தொடங்கும்.

மூன்று மாதமாக பீரியட்ஸ் இல்லையென்றால் முதலில் கர்ப்பமா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் டாக்டரிடம் போங்கள், கர்ப்பப்பை உட்சவ்வு தடித்துக்கொண்டே போவது நல்லதல்ல. போகும்போது 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சர்க்கரை டெஸ்ட் வேண்டுமா என்று கேளுங்கள். இன்சுலின் ஒழுங்காக வேலை செய்யக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையை ரொம்ப நாளாகச் சாப்பிடுகிறவர்கள் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.