ஆடிக் கூழ்: முதன்முறை வார்ப்பவர்களுக்கு

ஆடி ஞாயிறு காலையில் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்க வேண்டுமென்றால், வேலையை வெள்ளிக்கிழமை இரவே தொடங்கிவிட வேண்டும். சனிக்கிழமை மாலையில் நினைத்துக்கொண்டு மாவு வாங்க ஓடுகிறவர்களின் கூழில் புளிப்பு ஏறாது. புளிக்காத கூழ் வெறும் களிதான்.

எந்த ஞாயிறு என்பதைத் தெருக்காரர்கள் கூடி முடிவு செய்வார்கள். புதுச்சேரியை ஒட்டிய எங்கள் ஊரில் ஆடி ஐந்தாம் வெள்ளி வரும் வாரத்தைத் தவிர்த்துவிடுவோம். அன்று வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேர். பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்த வழக்கத்தை இன்று துணைநிலை ஆளுநர் தொடர்கிறார், எங்கள் ஊரில் பாதிப்பேர் அங்கேதான் நிற்பார்கள்.

வெள்ளி இரவு: 2 டம்ளர் கேழ்வரகு மாவை 4 டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண்சட்டியில் ஊற்றி மூடி வையுங்கள். மறுநாள் மாலை மூடியைத் திறந்தால் மேலே சிறு குமிழ்கள் தெரியும், புளித்த வாடை மூக்கில் ஏறும்.

சனி மாலை: 1 டம்ளர் அரிசி நொய்யைக் கழுவி, கொதிக்கும் 5 டம்ளர் தண்ணீரில் போட்டுக் குழைய வேகவிடுங்கள். பிறகு தீயைத் தணித்து, புளித்த மாவை ஒருவர் மெல்லிய தாரையாக ஊற்ற, இன்னொருவர் துடுப்பால் கை ஓயாமல் கிளற வேண்டும். முதல் வருடம் நான் தனியாக நின்று மாவு முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டிவிட்டேன். வெளியே வெந்து உள்ளே பச்சை மாவாக, எலுமிச்சை அளவில் கட்டிகள் திரண்டுவிட்டன. சுமார் 20 நிமிடத்தில் கூழ் நிறம் கறுத்துப் பளபளக்கும். ஈரக்கையால் தொட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டவில்லை என்றால் வெந்துவிட்டது. உப்பு போட்டு இறக்கி, இரவு முழுவதும் ஆறவிடுங்கள்.

ஞாயிறு காலை: இறுகிய கூழைக் கையால் பிசைந்து, மோரும் நறுக்கிய சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரையுங்கள். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை எல்லா வீட்டிலும் உண்டு. கருவாட்டுக் குழம்பைப் படையலில் வைப்பது வீட்டுக்கு வீடு மாறும், ஆகவே அதை மாமியாரிடம் கேட்டுவிடுவது நல்லது.

குடத்திற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கழுத்தில் வேப்பிலை கட்டித் தலையில் சுமந்து, பம்பைக்காரருக்குப் பின்னால் கோயிலுக்குச் செல்லுங்கள். அங்குள்ள அண்டாவில் எல்லா வீட்டுக் கூழையும் ஒன்றாக ஊற்றிப் படைத்த பின்பே வார்ப்பார்கள். திரும்பும்போது வீட்டுக்கு எடுத்துவர ஒரு சொம்பு கொண்டுபோக மறக்காதீர்கள்.