ஹெரால்டின் பாடியைத் தூக்குவதற்கு முன்னால்: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

டெல்டா ஊர்களில் பழைய வீட்டுக் கொட்டகைகளில் இன்னும் ஒன்றிரண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் கிடக்கிறது. தாத்தா ஓட்டிய வண்டி, விற்க மனசு வராது, ஓட்டவும் வழியில்லை. நெல் மூட்டைக்குப் பக்கத்தில் டயர் இறங்கி நிற்கும். அப்படி ஒரு வண்டியைச் சேஸிஸ் (அடிச்சட்டம்) வரை பிரித்துத் திரும்பக் கட்ட நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரிப்பதைப் பற்றியல்ல, பிரிப்பதற்கு முன் செய்யவேண்டியதைப் பற்றி. முழுசாக நிற்கும்போதுதான் வண்டி தன் அளவுகளைக் காட்டும். பாடியைத் தூக்கிவிட்டால் அந்த அளவுகளை வேறு எங்கேயும் தேட முடியாது.

இந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஹெரால்டு அருமையான வண்டி. இங்கிலாந்தில் 1959-இல் ட்ரையம்ஃப் வெளியிட்டது. இத்தாலியர் மிக்கெலோட்டி வடிவமைத்தது. 1961-இலிருந்து சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் தயாரித்தது. இதற்குத் தனிச் சேஸிஸ் உண்டு, பாடி அதன்மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். 1962-இல் வந்த ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் இதே சேஸிஸ் அமைப்பைச் சுருக்கிச் செய்ததுதான். ஹெரால்டில் கை பழகினால், நாளைக்கு ஸ்பிட்ஃபயர் கிடைத்தாலும் பயமிருக்காது.

முதல் வேலை: காகிதம்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நம்பர் உள்ள இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் படம் எடுங்கள். அந்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது என்று டிங்கரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆர்.சி. இன்னும் தாத்தா பேரில் இருந்தால், வாரிசு பெயருக்கு மாற்றும் வேலையை இப்போதே ஆரம்பியுங்கள். கலர் மாற்றுவதாக இருந்தாலும் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும்.

2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டிய சொந்த வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். நம்பரில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அப்படிப் பதிந்த வண்டியைத் தினப்படி ஓட்டவும் கூடாது. எனவே மாருதி இன்ஜின் போடலாமா என்று யாராவது யோசனை சொன்னால், இதை நினைவில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், 948 சிசி பழைய இன்ஜினையே வைத்துக்கொள்ளுங்கள்.

மாதம் பார்த்து இறங்குங்கள்

நம்ம பக்கத்தில் இதுதான் பாதி வேலை. ஐப்பசி மழையில் வெறும் தகரத்தைத் திறந்து வைத்தால், மறுநாள் காலையில் செம்மண் பூசியதுபோல் துரு படிந்திருக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று வேறு. பொங்கலுக்குப் பிறகு ஆரம்பியுங்கள். பாடியைத் தூக்குவது, பழைய பெயிண்டை எடுப்பது, சேஸிஸ் வெல்டிங், பிரைமர் எல்லாம் ஆடிக்குள் முடிகிற மாதிரி திட்டம் போடுங்கள். மழைக்காலத்துக்கு இன்ஜின், கியர் பாக்ஸ், சீட்டு தைக்கிற வேலைகளை ஒதுக்கிவையுங்கள்.

இன்னொன்று: டிராக்டர், அறுவடை இயந்திரம் பார்க்கிற பட்டறைகளில் அறுவடை நேரத்தில் உங்கள் வண்டியை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நல்ல வெல்டர் வேண்டுமானால் அவருக்கு வேலை குறைவான மாதத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இடம்

சிமெண்டுத் தரை அவசியம். களிமண் தரையில் ஸ்டாண்டு வைத்தால் ஒரு பக்கம் இறங்கும், அளவும் தப்பும், ஆளுக்கும் ஆபத்து. வண்டியைப் போல இரண்டு மடங்கு இடம் வேண்டும், ஏனென்றால் தூக்கிய பிறகு உங்களிடம் சேஸிஸ் ஒன்று, பாடி ஒன்று என்று இரண்டு பொருள் இருக்கும். கீற்றுக் கொட்டகையிலும், வைக்கோல் போர் பக்கத்திலும் வெல்டிங், கேஸ் கட்டிங் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் டாங்கை முதல் நாளே காலி செய்து, கழற்றி, தூரமாக வையுங்கள். காலியான டாங்கில்தான் ஆவி அதிகம். அதில் யாரையும் வெல்டிங் வைக்க விடாதீர்கள்.

நெல் வைத்த இடத்தில் கிடந்த வண்டி என்றால் சீட்டுக்கடியில் எலிக்கூடு இருக்கும். உலர்ந்தபடி பெருக்காதீர்கள். கையுறையும் முகக்கவசமும் போட்டு, பிளீச்சிங் கலந்த தண்ணீர் தெளித்து, ஊறியபின் அள்ளுங்கள். எலிக்காய்ச்சல் விளையாட்டில்லை. பிரேக் டிரம்மில் உள்ள தூசியையும் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஈரத்துணியால்தான் துடைக்கவேண்டும்.

ஸ்பேனர்

ஹெரால்டில் நட்டு போல்ட் எல்லாம் இன்ச் அளவு. 7/16, 1/2, 9/16 இந்த மூன்றும் அடிக்கடி தேவைப்படும். 1/2 இன்ச் என்பது 12.7 மி.மீ. அங்கே 13 ஸ்பேனரைப் போட்டு வேகமாகத் திருப்பினால், துருப்பிடித்த போல்ட்டின் தலை உருண்டுவிடும். அப்புறம் கட்டிங்தான். பாடி போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் ஆயிலை ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் விட்டு ஊறவையுங்கள்.

அளவெடுப்பது

இதற்கு எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை, நிதானமாகச் செய்யுங்கள்.

கதவு இடுக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். கதவைச் சாத்திவிட்டு, டிரில் பிட்டின் வழவழப்பான தண்டை இடுக்கில் நுழைத்துப் பாருங்கள். 4 மி.மீ. பிட் நுழைகிறது, 5 நுழையவில்லை என்றால் அதை அப்படியே எழுதுங்கள். ஒவ்வொரு கதவிலும் மேல், நடு, கீழ் என்று இரண்டு பக்க ஓரமும் பார்க்கவேண்டும். பேனாவை விடப் பென்சில் நல்லது, ஆயில் கை பட்டாலும் கலையாது.

அடுத்தது சேஸிஸ். வண்டியை நான்கு ஸ்டாண்டில் ஏற்றி, ரசமட்டம் வைத்துச் சமப்படுத்துங்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்று போதும். சேஸிஸில் முன்னும் பின்னும், இடதும் வலதும் ஒரே மாதிரி உள்ள போல்ட் துளைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் குண்டைத் தொங்கவிடுங்கள். ஆட்டம் நின்றதும் முனை காட்டும் இடத்தில் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். பிறகு மூலைக்கு மூலை டேப் பிடியுங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றானால் சேஸிஸ் நேராக இருக்கிறது. சில மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால், எப்போதோ அடிபட்ட வண்டி. அதைப் பாடியைத் தூக்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது பெரிய லாபம், ஏனென்றால் கதவு சரியாகச் சாத்தாததற்குக் காரணம் அங்கேதான் இருக்கும்.

துருவைத் தேட சின்னச் சுத்தியல் போதும். தட்டினால் நல்ல இரும்பு ‘டங்’ என்று சொல்லும், தின்றுபோன இடம் ‘தொப்’ என்று விழும். சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், பின்பக்கச் சட்டம், டிக்கித் தரை, பேட்டரித் தட்டு, இவற்றை விடாமல் தட்டுங்கள். பழைய தார்ப் பூச்சு மூடியிருந்தால் சுரண்டிவிட்டுத் தட்டவேண்டும்.

போல்ட்டும் தகடும்

பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ரப்பர் இருக்கும், சில இடங்களில் மெல்லிய இரும்புத் தகடுகளும் இருக்கும். ஒரு இடத்தில் ஒன்று, இன்னொரு இடத்தில் மூன்று. கதவு இடுக்கைச் சரிசெய்யத்தான் அவற்றை வைத்திருக்கிறார்கள். போல்ட்டைக் கழற்றியதும் தகடு, ரப்பர், வாஷர் எல்லாவற்றையும் வந்த வரிசையிலேயே கட்டுக்கம்பியில் கோர்த்து முறுக்கி, எந்த இடம் என்று ஆணியால் எழுதிய தகரத்துண்டு ஒன்றையும் சேர்த்துக் கட்டுங்கள். ரப்பர் நைந்திருந்தாலும் தூக்கி எறியாதீர்கள், புதுசை வெட்ட அதுதான் அளவு. மற்ற சாமான்களை ஜிப் கவரில் போட்டுப் பெயர் எழுதினால் போதும்.

உடைந்த கைப்பிடி, காணாமல்போன வண்டிப் பெயர் எழுத்து போன்றவற்றுக்கு நாச்சியார்கோவில் பக்கம் பித்தளை வார்ப்பவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். மறுபக்கத்து நல்ல சாமானை மாதிரிக்குக் கொடுத்தால் வார்த்துக் கடைந்து வாங்கலாம். பிறகு குரோம் பூசவேண்டும்.

தூக்கும் நாளுக்கு முன்

இரண்டு கதவு ஹெரால்டில் பாடியே முன்பாதி, பின்பாதி என்று போல்ட்டில் சேர்ந்தது. தரை துருப்பிடித்திருந்தால் தூக்கும்போது நடுவில் மடங்கிவிடும். அதனால் கதவைக் கழற்றியதும், அந்த வாசலில் ஒரு இன்ச் சதுரக் குழாயைக் குறுக்காக வெல்டிங் வைத்துக்கொள்ளுங்கள். கூரையும் போல்ட்டில் உள்ளதுதான், ஆனாலும் தூக்கி இறக்கும்வரை அதைக் கழற்றவேண்டாம். பாடிக்கு அதுவும் ஒரு பலம்.

பேட்டரி, முன்பக்கம் சாயும் பெரிய பானட், ரேடியேட்டர், சீட்டுகள், கியர் பாக்ஸ் மூடி, ஸ்டியரிங் தண்டு, பிரேக் குழாய், கிளட்ச் குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஆக்சிலரேட்டர் இணைப்பு, பெட்ரோல் குழாய், எர்த் ஒயர். தூக்குவதற்கு முன் கழற்றவேண்டிய இவற்றைச் சுவரில் எழுதி ஒட்டி, கழற்றியதை ஒவ்வொன்றாகக் கோடடித்துக்கொண்டே வாருங்கள். பின்பக்கக் குறுக்குப் பட்டை ஸ்பிரிங்கையும் முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கையும் இப்போது தொடவேண்டாம். அவற்றில் பெரிய விசை அடங்கியிருக்கிறது, பழகிய மெக்கானிக் கூட இருக்கும்போதுதான் கழற்றவேண்டும்.

தூக்க ஆறு பேர் வேண்டும். செயின் பிளாக் (சங்கிலியால் பாரம் தூக்கும் கருவி) மாட்டுவதாக இருந்தால் கொட்டகையின் தென்னை உத்திரத்தை நம்பாதீர்கள், தனியாக மூன்று கால் இரும்புச் சட்டம் நிறுத்துங்கள். முதலில் நான்கு விரற்கடை உயரம் தூக்கி நிறுத்துங்கள். ஒருவர் டார்ச்சோடு வண்டியைச் சுற்றிவந்து, இன்னும் எந்த ஒயராவது குழாயாவது இழுபடுகிறதா என்று பார்க்கட்டும். அவர் சரி என்ற பிறகுதான் மேலே போகவேண்டும். பாடியைச் சக்கரம் வைத்த சட்டத்தில் இறக்கியதும், வெறும் சேஸிஸில் அதே துளைகளில் மறுபடி தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அதே குறுக்களவுகளை எடுத்து, நோட்டில் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவிட்டு, வெல்டரைக் கூப்பிடுங்கள்.