மலைக்காட்டில் ஓடப் போகும் யாழ்ப்பாணத்தவர் விடும் பிழைகள்

"ஒன்பதரைக் கிலோமீற்றர்தானே அண்ணை, ஒரு மணித்தியாலத்துக்குள்ள முடிச்சுப்போட்டு உலக முடிவில நிண்டு படமும் எடுத்திடலாம்."

யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரைப் பக்கம் விடிய ஓடுகிற பெடியள், மலைநாட்டு ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற செங்குத்து மலைவிளிம்புக்குப் போகும் பாதையில் ஓட வெளிக்கிடும்போது இந்தக் கணக்கோடுதான் வெளிக்கிடுகிறார்கள். ஒருகாலம் நாங்களும் இதையே போட்டோம். புதுச் சப்பாத்தோடு போகாதே, தண்ணீர் கொண்டு போ என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுவோம். தெரிந்தவர்களும் திரும்பத் திரும்ப விடுகிற பிழைகள் வேறு.

கிலோமீற்றரைப் பார்த்து நேரம் போடுவது

யாழ்ப்பாணத்தில் இந்தக் கணக்குப் பிழைக்காது. பண்ணையில் தொடங்கித் தீவுப் பக்கம் எவ்வளவு தூரம் ஓடினாலும் தரை ஒரே மட்டம். காற்று ஒன்றுதான் எதிரி. கிலோமீற்றருக்கு ஐந்தரை நிமிடம் என்றால் பத்துக்கு 55 நிமிடம், அவ்வளவுதான். மலையில் தூரத்தை மட்டும் கேட்டுக்கொண்டு போவது, காணியின் நீளத்தை மட்டும் கேட்டுவிட்டு விலை பேசுவதைப் போன்றது. எத்தனை மீற்றர் ஏற்றம் என்ற கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை. எங்களுக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது இதுதான்.

மலை ஓட்டக்காரர் பயன்படுத்தும் வழி சுலபமானது. ஒவ்வொரு 100 மீற்றர் ஏற்றத்தையும் ஒரு கிலோமீற்றராக எண்ணித் தூரத்தோடு கூட்ட வேண்டும். சிவனொளிபாதமலையை எடுத்துக்கொள்ளுங்கள். நல்லதண்ணியில் இருந்து உச்சிக்கு ஏறத்தாழ 6 கிலோமீற்றர், ஏற்றம் ஏறத்தாழ 1,000 மீற்றர். ஆறும் பத்தும் பதினாறு. பண்ணை வேகத்தில் 6 கிலோமீற்றருக்கு 33 நிமிடம். கூட்டிய கணக்கில் 88 நிமிடம். அதோடும் முடியாது. ஆயிரக்கணக்கான படிகள், ஒன்றைப்போல ஒன்று உயரமில்லை; மலை பழகாத காலுக்கு அதை ஒன்றரையால் பெருக்க வேண்டும். 132 நிமிடம் வருகிறது. நினைத்ததைப்போல நாலு மடங்கு.

நடப்பவருக்கு 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், 600 மீற்றர் ஏற்றத்துக்கு இன்னொன்று. அதன்படி அதே பாதையில் நடப்பவருக்கு 2 மணி 52 நிமிடம். ஓடிப்போய் மிச்சம் பிடிப்பது 40 நிமிடம்தான். செங்குத்தான இடத்தில் நடந்தே ஏறுங்கள் என்று பழகியவர்கள் சொல்வது சோம்பலில் இல்லை. (திருவிழாக் காலம், அதாவது டிசம்பர்ப் போயா தொடக்கம் மே வெசாக் வரை, அந்தப் படிகளில் ஓடவே வேண்டாம். பொல்லூன்றி ஏறும் வயதுபோன ஆட்களை இடித்துக்கொண்டு போவது ஓட்டமும் இல்லை, மரியாதையும் இல்லை.)

இந்தக் கணக்கும் ஏமாற்றும் இடம் உண்டு. ஹோட்டன் சமவெளிக்குள் இருக்கும் கிரிகல்பொத்தை உச்சி 2,388 மீற்றர். பாதை தொடங்கும் இடமே 2,100 மீற்றருக்கு மேல். ஆகவே நிகர ஏற்றம் 300 மீற்றர்கூட வராது. ஒருவழித் தூரம் 7 கிலோமீற்றர் அளவு. கூட்டினால் 10. ஒன்றரையால் பெருக்கினாலும் ஏறக்குறைய 83 நிமிடம். போய்ப் பாருங்கள். புல்வெளியில் கால் வைத்தால் கணுக்கால் வரை கறுத்த சேறு. காட்டுக்குள் நெலு என்ற செடியின் பற்றை இரண்டு பக்கமும் மூடி, குனிந்து நுழைய வேண்டிய குகை மாதிரி. வேர்கள் ஈரத்தில் சவர்க்காரம் பூசியதுபோல வழுக்கும். ஓடக்கூடிய இடம் துண்டு துண்டாகத்தான் வரும். இப்படியான தரைக்கு ஒன்றரை போதாது, இரண்டரை போடுங்கள். எந்தத் தரை என்று முன்கூட்டியே தெரியாவிட்டால் கூடுதலானதைப் போடுங்கள்.

இதோடு உயரம் சேர்கிறது. 2,100 மீற்றரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நாலு பங்குக்குச் சற்றுக் குறைவு. நோய் வரும் உயரமில்லை, ஆனால் முந்தின இரவு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறியவருக்கு முதலாவது ஏற்றத்திலேயே மூச்சு முட்டும். கைக்கடிகாரம் காட்டும் வேகத்தைப் பார்க்காதீர்கள். ஒரு தேவார அடியை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடியாவிட்டால் நடவுங்கள்.

நேரம் பிந்தினால் என்ன, ஆறுதலாக வரலாமே என்று கேட்பார்கள். பிந்தினால் முதலில் போவது காட்சி. உலக முடிவில் ஒன்பது, பத்து மணிக்குள் பெரும்பாலும் பனிமூட்டம் ஏறிவிடும். அது வெறும் படத்தின் நட்டம். அடுத்து வழி தப்பும். மூட்டத்துக்குள் மரைகள் நடந்து தேய்ந்த தடமும் மனிதத் தடமும் ஒன்றுபோலவே இருக்கும். அதற்கும் அடுத்தது வெளிச்சம். எங்கள் நாட்டில் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டித்தான் சூரியன் மறைகிறது. மரத்துக்குக் கீழே ஐந்தரைக்கே கண் தெரியாது. பூங்காவுக்குள் இருட்டில் நிற்க அனுமதியும் இல்லை. பிந்தியவர் அவசரப்படுவார், வளைவைக் குறுக்கே வெட்டுவார், அந்த இடத்தில்தான் கால் சுளுக்கும்.

செய்ய வேண்டியது ஒன்று. தொடங்கும் முன் திரும்பும் நேரத்தைப் புறங்கையில் பேனையால் எழுதுங்கள். காலை 6.30க்குத் தொடங்கி 1.30க்கு வாயிலில் நிற்க வேண்டும் என்றால் ஏழு மணித்தியாலம் கையில் இருக்கிறது. அரை மணித்தியாலத்தை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பாதியாக்கினால் 9.45. உச்சி கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் 9.45க்குத் திரும்ப வேண்டும். இறக்கம் கெதியாய் முடியும் என்று எண்ணிப் பாதியைக் கூட்டாதீர்கள். ஈர வேரில் எங்கள் ஆட்களுக்கு இறங்க எடுக்கும் நேரம் ஏற எடுத்ததற்குக் கிட்டத்தான் வரும். மேலிருந்து வருகிறவர்கள் சிரித்த முகத்தோடு சொல்வார்கள், "இன்னும் பத்து நிமிசம்தான்." அதை நம்பி ஏறியவர்கள் முக்கால் மணி ஏறியிருக்கிறார்கள்.

ஏறப் பழகி, இறங்கப் பழகாமல் போவது

மலைக்குப் பயிற்சி என்று மணற்காட்டு மணல்மேட்டில் ஏறி இறங்குகிறவர்கள் உண்டு. ஏறுவதற்கு அது அருமையான இடம். இறங்குவதற்கு ஒரு பிரயோசனமும் இல்லை, ஏனென்றால் மணல் காலை வாங்கிக்கொள்ளும். கல்லில் இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். தசையிழை கிழிபடுவது அதில்தான். நோவு உடனே தெரியாது. அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும்தான் உச்சம். திரும்பி வரும் பஸ்ஸில் ஏறிய ஆள் யாழ்ப்பாணத்தில் படியைப் பின்பக்கமாக இறங்குவது இதனால்தான்.

ஊரில் மலை இல்லை, மாடிப்படி இருக்கிறது. நாலு மாடி ஏறத்தாழ 12 மீற்றர். ஏழு வாரத்துக்கு முன்னரே தொடங்கி, கிழமைக்கு ஒருமுறை, முதல் கிழமை பத்துத் தரம், பிறகு மூன்று மூன்றாகக் கூட்டி 25 தரம் வரை. அப்போது ஒரு நாளில் 300 மீற்றர் இறங்கியிருப்பீர்கள். சிவனொளிபாதமலைக்கு 83 தரம் வேண்டும், அதைச் செய்யத் தேவையில்லை. ஒருமுறை நொந்து ஆறிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே அளவு நோகாது. கடைசிப் பயிற்சி பயணத்துக்குப் பத்து நாள் முன்னர் முடிந்திருக்க வேண்டும்.

இறங்கும்போது அடியைச் சிறிதாக வையுங்கள். முழங்கால் சற்று மடிந்தே இருக்கட்டும். பயத்தில் பின்னுக்குச் சாய்ந்து குதியை ஊன்றினால் வழுக்கப் போவதும் அந்தக் குதிதான். கண் காலடியில் இல்லாமல் மூன்று நாலு மீற்றர் முன்னால் இருக்க வேண்டும். பெருவிரலுக்கு முன்னால் சப்பாத்தில் ஒரு விரல் இடம் இல்லாவிட்டால் நகம் கறுத்துக் கழரும்.

சோளகத்தைப் பார்த்து மாதத்தைத் தெரிவுசெய்வது

எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. ஜூன், ஜூலையில் சோளகம் புழுதியைக் கிளப்பும், வானம் வெளித்திருக்கும், ஆகவே மலையும் காய்ந்திருக்கும் என்று நினைத்துப் பஸ் பதிவு செய்கிறார்கள். அதே தென்மேல் காற்றுத்தான் சிவனொளிபாதமலையிலும் ஹோட்டன் சமவெளியின் மேற்குச் சரிவிலும் மோதித் தன் தண்ணீரைக் கொட்டுகிறது. எங்களுக்கு வந்து சேர்வது தண்ணீர் வடித்த காற்று.

ஹோட்டன் சமவெளிக்கு ஜனவரி தொடக்கம் மார்ச் வரை நல்லது. விடியப்புறம் புல்லில் உறைபனி கூட விழும், ஆகவே கையுறை வேண்டும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குப் பக்கம் வாடைக்காற்றில் நனையும், சோளகத்தில் ஓரளவு காயும். ஆனால் ரிவஸ்டன் பக்கம் அப்போது அடிக்கும் காற்று ஆளைத் தள்ளும். எந்த மாதமானாலும் பருத்தி பெனியன் வேண்டாம். நனைந்தால் உலராது, நின்றவுடன் நடுக்கம் வரும்.

போனில் இறக்கிய கோட்டின் பின்னால் போவது

யாரோ ஓடிப் பதிந்த ஜிபிஎஸ் பாதைக் கோடு அனுமதிச்சீட்டு ஆகாது. ஹோட்டன் சமவெளி 1988 தொடக்கம் தேசிய பூங்கா, வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ். நக்கிள்ஸ் வனத் திணைக்களத்தின் கீழ். இரண்டும் சிவனொளிபாத வனப்பகுதியோடு சேர்ந்து 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. வாயிலால் நுழைந்து, சீட்டு எடுத்து, திறந்திருக்கும் பாதை எது, அதில் ஓடலாமா என்று கவுண்டரில் கேளுங்கள். சென்ற வருடம் திறந்திருந்தது இந்த வருடம் மூடியிருக்கலாம்.

கோட்டிலேயே பிழையும் இருக்கும். அடர்ந்த மரத்துக்குக் கீழே அது பத்து, இருபது மீற்றர் விலகும். மலைவிளிம்பில் இருபது மீற்றர் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. உலக முடிவின் செங்குத்து 870 மீற்றர் அளவு. நக்கிள்ஸில் வழிகாட்டியைக் கூட்டிப் போங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கும் அழைக்க முடியாது.

பொலித்தீனில் சுற்றிய சாப்பாடு

ஹோட்டன் சமவெளி வாயிலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் உறை, தண்ணீர்ப் போத்தலின் லேபல் எல்லாம் அங்கேயே கழரும். ஓட்டக்காரர் சக்திக்குக் குடிக்கும் ஜெல் பக்கற்றுகளோடு போய் வரிசையில் நின்று தடுமாறுவதைவிட, பனங்கட்டிக் குட்டான் கொண்டு போங்கள். உறையே ஓலை. மணித்தியாலத்துக்கு 40 கிராம், அரை லீற்றர் தண்ணீர், நீண்ட ஓட்டமென்றால் ஜீவனி என்ற உப்புச்சர்க்கரைத் தூள் ஒரு பக்கற்றை வீட்டிலேயே கரைத்துப் போத்தலில்.

காதில் பாட்டு

வேண்டாம். சிறுத்தை இருக்கிற காடு, வளைவுக்கு அப்பால் மரை நிற்கும்.

மரைக்குத் தீன் போடுவது

போடாதீர்கள்.

அட்டைக்குப் பயந்து நிற்பது

நின்றால்தான் ஏறும். நக்கிள்ஸின் ஈரக் காட்டில் நீளக் காலுறையை உள்ளங்கால் தொடக்கம் முழங்கால் வரை காய்ந்த சவர்க்காரத்தால் தேய்த்துவிடுங்கள். கடித்ததை நகத்தால் பக்கவாட்டில் தள்ளி எடுங்கள், நெருப்பு வைக்க வேண்டாம். அதன் எச்சில் இரத்தத்தை உறைய விடாது, ஆகவே இரத்தம் நெடுநேரம் கசியும். துணியால் அழுத்திக்கொண்டு நடந்தால் போதும்.

சப்பாத்தைக் கழுவாமல் போவது

யாழ்ப்பாணத்துத் தோட்டக் காணிகளில் பார்த்தீனியம் என்ன பாடு படுத்துகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அதன் விதை மிகச் சிறியது, சப்பாத்து அடியின் பள்ளத்தில் சேற்றோடு ஒட்டிக்கொள்ளும். ஹோட்டன் சமவெளியில் ஏற்கெனவே ஐரோப்பாவில் இருந்து வந்த மஞ்சள் பூ முட்பற்றை, கோர்ஸ், பரவியிருக்கிறது. இன்னொன்றை நாங்கள் கொண்டுபோகத் தேவையில்லை. பஸ் ஏறுவதற்கு முதல் நாள் பழைய பல் பிரஷால் அடியைத் தேய்த்துக் கழுவி, லேசையும் நாக்கையும் உருவித் தட்டி, வெயிலில் காயவிடுங்கள். மலையில் இருந்து வந்த பிறகும் அப்படியே, வாயிலுக்கு வெளியே ஒருமுறை, வீட்டுக் கிணற்றடியில் ஒருமுறை.