பழைய ஜீப்பில் காட்டுக்குப் போவதென்றால் முதலில் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

பழைய மிட்சுபிஷி 4டிஆர்5 (டீசல் எஞ்சினின் பெயர்) ஜீப் கையில் வந்ததும் கூரை ராக், பெரிய லைட் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். அதெல்லாம் பிறகு பூட்டலாம். கிழக்கிலங்கையில் பாணமையைத் தாண்டி உகந்தைக் காட்டுப் பக்கம் போய்க் கூடாரம் அடிக்க ஆசை இருந்தால் காசை முதலில் வாகனத்தின் அடிப்பக்கத்தில் போடுங்கள்.

மட்டக்களப்பில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்று சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, உள்ளிருந்தே தின்றுவிடும், வெளியே பெயின்ட் நன்றாகவே இருக்கும். சின்னச் சுத்தியலோடு கீழே படுத்து, ஸ்பிரிங் பூட்டும் இடங்களையும் பின்பக்கக் குறுக்குச் சட்டத்தையும் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், உக்கினது மந்தமாகக் கேட்கும். உக்கலுக்கு மேலேயே தகடு வைத்து ஒட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்க வேண்டாம், நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டிய பிறகுதான் வெல்டிங். அதற்கு முன் பெற்றரி வயரைக் கழற்றிவிடுங்கள். மாரி தொடங்குவதற்குள் இந்த வேலையை முடித்துவிட்டால் பெயின்ட் ஒழுங்காகக் காயும்.

அடுத்தது டிபரன்சியல், அச்சின் நடுவே சில்லுகளைச் சுற்றவைக்கும் பல்சக்கரப் பெட்டி. உன்னிச்சைப் பக்கம் ஒரு வாய்க்காலைக் கடந்து வந்து, சில கிழமை கழித்து ஒயிலை இறக்கினேன், பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. ஓடிச் சூடான டிபரன்சியல் திடீரென்று தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், காற்றுப்போக்கி அடைபட்டிருந்தால் அந்த உறிஞ்சலில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். அச்சுக் குழாயின் மேல் சின்னதாக இருக்கும் அந்தக் காற்றுப்போக்கியைக் கழற்றி டீசலில் கழுவி, அதில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, முன் அச்சின் குழாயை எஞ்சின் அறைக்கும் பின் அச்சின் குழாயை வாகனத்தின் உடலுக்குள் உயரத்துக்கும் கொண்டுபோய், நுனி கீழ்நோக்கி இருக்கும்படி கட்டிவிடுங்கள். செலவு மிகக் குறைவு, ஆனால் பேரிங்கைக் காப்பாற்றுவது இதுதான். ஆழமான தண்ணீரில் இறங்கி வந்தால் எப்படியும் ஒயிலைப் பாருங்கள்.

டிரம் பிரேக் நனைந்தால் பிடிக்காது. தண்ணீரை விட்டு ஏறியதும் பிரேக்கை மெல்ல மிதித்தபடி கொஞ்சத் தூரம் ஓடினால் சூட்டில் காய்ந்துவிடும். வீல் சிலிண்டர் ரப்பர்களைப் பயணத்துக்கு முன்பே மாற்றுங்கள், ரேடியேட்டரையும் கழுவிவிடுங்கள்.

சரி, இனி தங்குவதற்கான வேலைகள். உங்கள் ஜீப் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று முதலில் பாருங்கள். இரண்டு பெற்றரியைத் தொடராகப் பூட்டிய 24 வோல்ட் வாகனத்தில், ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து லைட் எரித்தால் அது இறங்கிப்போகும், மற்றதோ அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும், கடைசியில் இரண்டும் போய்விடும். தனியாக ஒரு 12 வோல்ட் பெற்றரியும் 100 வாற் சோலார் தகடும் சார்ஜ் கொன்ரோலரும் வைத்தால் எல்ஈடி லைட்டுக்கும் போனுக்கும் தாராளம். பியூஸ் பெற்றரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், வயர் உரசித் தீப்பிடித்தால் காட்டில் அணைக்க ஆள் இல்லை.

தண்ணீர்க் கானைக் கூரையில் ஏற்றாதீர்கள். 20 லீற்றர் என்றால் 20 கிலோ, ஜீப் ஏற்கனவே உயரம், சரிவில் கவிழ்த்துவிடும். கானைப் பின் சீற்றுக்குக் கீழே பெல்ற் போட்டுக் கட்டுங்கள், கூரையில் கூடாரமும் பாயும் போதும். உள்ளேயே படுப்பதென்றால் பின்கதவு ரப்பரைப் புதிதாக்குங்கள், ஆனால் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது, புகை ஆளைக் கொன்றுவிடும். லகுகலைப் பக்கமென்றால் குளக்கரையில் கூடாரம் அடிக்காதீர்கள், அது யானை வரும் இடம்.

கடற்கரை மணலில் இறங்கும்போது ரயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறையுங்கள். ரியூப் ரயரில் அதைவிட அதிகம் குறைத்தால் ரயர் ரிம்மில் வழுக்கி வால்வைப் பிய்த்துவிடும். தார் றோட்டில் ஏறுமுன் திரும்ப அடிக்க ஒரு பம்ப் வாகனத்திலேயே இருக்கட்டும்.