கேட்டலிஸ்ட் சுவிட்சில் விலேன் அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 2960, 3560, 3750 வரிசைச் சுவிட்சுகளில் வேலை செய்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, விலேன் (ஒரே சுவிட்சைப் பல தனி வலையமைப்புகளாகப் பிரிப்பது) விவரம் எங்கே சேமிக்கப்படுகிறது என்பதுதான். விடிபி (விலேன் பட்டியலைச் சுவிட்சுகளுக்கிடையே பரப்பும் நெறிமுறை) சர்வர் நிலையில், அதாவது பெட்டியிலிருந்து எடுத்தபோது சுவிட்ச் இருக்கும் நிலையில், 1 முதல் 1005 வரையிலான விலேன்கள் ரன்னிங் கான்ஃபிக்கில் (சுவிட்சில் தற்போது இயங்கும் அமைப்பில்) எழுதப்படுவதில்லை. ஃபிளாஷ் நினைவகத்தில் உள்ள ‘விலேன்.டாட்’ என்ற தனிக் கோப்பில் உடனுக்குடன் பதிவாகின்றன. ஆகவே, நாள்தோறும் கான்ஃபிக்கை பேக்கப் எடுத்து வைத்திருந்தாலும், பழுதான சுவிட்சுக்கு மாற்றாக வைத்த புதிய சுவிட்சில் அதை ஏற்றும்போது விலேன்களின் பட்டியல் அதில் இருக்காது.

சிறிய வலையமைப்புக்கு என் பரிந்துரை, ‘விடிபி மோடு டிரான்ஸ்பரன்ட்’ என்று மாற்றிவிடுவதே. அதன்பின் விலேன்கள் ரன்னிங் கான்ஃபிக்கிலும் தெரியும். விடிபியின் 1, 2 ஆம் பதிப்புகளில் 1006 முதல் 4094 வரையிலான எண்களைப் பயன்படுத்தவும் இந்த நிலை தேவை. 1002 முதல் 1005 வரை உள்ளவை டோக்கன் ரிங், எஃப்டிடிஐ ஆகிய பழைய தொழில்நுட்பங்களுக்காக ஒதுக்கப்பட்டவை. அவற்றை அழிக்க முடியாது. ‘விலேன் 30’ என்று தட்டி, பெயர் கொடுத்த பிறகு ‘எக்ஸிட்’ கொடுக்க மறவாதீர்கள். அந்த உள்நிலையை விட்டு வெளியே வந்த பிறகுதான் விலேன் உருவாகும்.

அடுத்தது டிரங்க், அதாவது பல விலேன்களை ஒரே கேபிளில் சுமக்கும் இணைப்பு. மிகுந்த சேதம் நேர்வது இங்கேதான். ஒரு டிரங்க் போர்ட்டில் 10, 20, 99 ஆகிய விலேன்கள் அனுமதிக்கப்பட்டுள்ளன என்றும், 99 வழியாகத்தான் நீங்கள் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் வழி) மூலம் உள்ளே வந்திருக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். 30 ஐச் சேர்க்க எண்ணி ‘சுவிட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு விலேன் 30’ என்று தட்டினால், சுவிட்ச் எந்த எச்சரிக்கையும் தராமல் பழைய பட்டியலை முழுவதுமாக நீக்கிவிட்டு 30 ஐ மட்டும் வைத்துக்கொள்ளும். என்டர் அழுத்திய மறுகணமே திரை உறைந்துவிடும். 10, 20 ஆகியவற்றில் இருந்தவர்களின் இணைப்பும் அத்துடன் அறுந்திருக்கும். எண்ணுக்கு முன்னால் ‘ஆட்’ என்ற சொல் கட்டாயம் வேண்டும். பட்டியல் நீளமாக இருக்கும்போது ரன்னிங் கான்ஃபிக் அதை இரண்டு வரிகளாகப் பிரித்துக் காட்டும் என்பதால், முதல் வரியை மட்டும் நகலெடுத்து வேறு போர்ட்டில் ஒட்டினாலும் மீதி விலேன்கள் விடுபட்டுப் போகும்.

தொலைவிலிருந்து டிரங்கைத் தொடுமுன், நடப்பு அமைப்பைச் சேமித்துவிட்டு ‘ரீலோடு இன் 10’ கொடுங்கள். இணைப்பு அறுந்தால், பத்து நிமிடத்தில் சுவிட்ச் தானே மறுதொடக்கமாகிப் பழைய அமைப்புக்குத் திரும்பும். எல்லாம் சரியாக நடந்தால் ‘ரீலோடு கேன்சல்’ கொடுத்துவிட்டுச் சேமிக்கலாம். ஆனால் சர்வர் நிலையில் அழித்த விலேன் இந்த வழியில் திரும்பி வராது, ஏனெனில் விலேன்.டாட் அழித்த அந்த நொடியிலேயே மாறியிருக்கும்.

ஒரு விலேனை அழித்தால் அதிலிருந்த போர்ட்டுகள் விலேன் 1 க்குத் திரும்பும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. அவை அழிந்த எண்ணையே பிடித்துக்கொண்டு செயலற்றுக் கிடக்கும். ‘ஷோ விலேன் ப்ரீஃப்’ பட்டியலிலும் தெரியாது. இயங்கும் டிரங்க் போர்ட்டுகளும் அந்தப் பட்டியலில் வருவதில்லை என்பதால், காணாமற்போன போர்ட் எந்த வகை என்பதை ‘ஷோ இன்டர்ஃபேஸஸ் சுவிட்ச்போர்ட்’ கொண்டுதான் உறுதிசெய்ய வேண்டும். அதேபோல், விலேனுக்கான மெய்நிகர் இன்டர்ஃபேஸை அமைக்க ‘இன்டர்ஃபேஸ் விலேன் 30’ என்று தட்டினால் அந்த விலேன் உருவாகிவிடாது. விலேன் தனியாக இருந்து, அதில் ஒரு போர்ட்டாவது ஸ்பேனிங் ட்ரீயின் (தரவு முடிவின்றிச் சுற்றும் லூப்பைத் தடுக்கும் முறை) ஃபார்வர்டிங் நிலையில் இருந்தால்தான் அந்த இன்டர்ஃபேஸ் மேலெழும்.

3560, 3750 சுவிட்சுகளில் விலேனுக்கு ஒன்றாக 128 ஸ்பேனிங் ட்ரீ மட்டுமே இயங்கும். அதற்கு மேல் சேர்க்கும் விலேன் உருவாகும், வேலையும் செய்யும், ஆனால் லூப்பிலிருந்து அதற்குப் பாதுகாப்பு இருக்காது. அத்தனை விலேன்கள் தேவைப்படும் இடத்தில், பல விலேன்களை ஒரே ட்ரீயில் சேர்க்கும் எம்எஸ்டி முறைக்கு மாறிவிட வேண்டும்.

பழைய சுவிட்சை வேறிடத்தில் மீண்டும் பயன்படுத்தும்போது ‘ரைட் இரேஸ்’ மட்டும் போதாது. அது விலேன்.டாட் கோப்பைத் தொடுவதில்லை. விடிபி டொமைன் (பட்டியலைப் பகிரும் சுவிட்சுகளின் குழு) பெயரும், பட்டியல் மாறும்போதெல்லாம் கூடும் ரிவிஷன் எண்ணும் அதிலேயே தங்கியிருக்கும். டொமைனும் கடவுச்சொல்லும் ஒத்துப்போய், பழைய சுவிட்சின் ரிவிஷன் எண் உயர்ந்தும் இருந்தால், டிரங்க் கேபிளைச் செருகியதும் அதன் பட்டியல் அந்த டொமைனில் உள்ள சர்வர், கிளையன்ட் சுவிட்சுகள் அனைத்திலும் பரவி, அங்குள்ள விலேன்களை அழித்துவிடும். ‘டிலீட் ஃபிளாஷ்:விலேன்.டாட்’ கொடுத்து, ரீலோடு செய்து, ‘ஷோ விடிபி ஸ்டேட்டஸ்’ காட்டும் ரிவிஷன் எண் 0 என்று கண்ணால் பார்த்த பிறகே கேபிளைச் செருகுங்கள்.