ஊட்டிக் குளிரில் வரும் அரிப்பு: எனக்குச் சரியானது எப்படி

டிசம்பரில் உறைபனி விழத் தொடங்கினால் கழுத்திலும் இடுப்பிலும் அரிப்பு. துணி இறுக்கிப் பிடிக்கும் இடங்களில் மட்டும் வந்ததால் சலவைத்தூளைத்தான் சந்தேகப்பட்டேன். இங்குள்ள சில்லென்ற தண்ணீரில் தூள் முழுதாகக் கரையாது. தையல் மடிப்பிலும் எலாஸ்டிக்கிலும் வெள்ளையாகத் தங்கி, வியர்வை பட்டதும் உறுத்தும். மணப்பொருள் சேர்க்காத சலவை லிக்விடுக்கு மாறினேன். அலசிய கடைசித் தண்ணீரில் நுரையே இருக்கக் கூடாது. துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம், அது துணியிலேயே தங்குவதற்கென்று செய்யப்பட்டது.

லேபிளில் 'அன்சென்டட்' (வாசனையற்றது) என்றிருந்தால் நம்பாதீர்கள். மூலப்பொருள்களின் வாடையை மறைக்க வேறு மணப்பொருள் சேர்த்திருக்கலாம். 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ' (மணப்பொருளே சேர்க்காதது) என்பதைத் தேடுங்கள்.

சாதாரண சோப்பின் பி.எச். (அமில-கார அளவு) 9–10, தோலுக்கோ 5 பக்கம்; அதாவது சோப்பு தோலுக்குக் காரம் அதிகம். அதனால் குளிக்க சின்டெட் பார் (சோப்பு சேராத குளியல் கட்டி), வெதுவெதுப்பான தண்ணீர், ஈரம் காயுமுன் வாசலின். வெந்நீரில் யூகலிப்டஸ் தைலம் விடும் பழக்கத்தை நிறுத்துங்கள். தண்ணீரில் கரையாமல் மிதந்து, தோலில் நேராக ஒட்டி எரிக்கும்.

புது க்ரீம் எதுவானாலும் முழங்கை உட்புறத்தில் காசளவு, தினம் 2 வேளை, 7 நாள் தடவிப் பாருங்கள். தோல் வெடித்து நீர் கசிந்தால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.