செவுள் சுருங்காமல் உலர்ந்த கதை

கடலூர் முதுநகரில் வாங்கிய மத்தி மீனின் செவுளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு முன் திசுவை நீரில்லாமல் உலர்த்த வேண்டும். மூன்று முறை உலர்த்தியும் இழைகள் வற்றல் போலச் சுருங்கி, வெடித்துக் கிடந்தன. மனசே விட்டுப்போனது.

திசுவின் வடிவம் கெடாமல் நிலைநிறுத்தும் குளூட்டரால்டிஹைடு 2.5 சதவீதம், அதில் குறையில்லை. திசுவின் நீரை வெளியேற்ற 30, 50, 70, 90 சதவீதம் என எத்தனாலை ஏற்றியதும் சரி. கோளாறு கடைசி 100 சதவீத எத்தனாலில் இருந்தது. திறந்த பாட்டிலை வாரக்கணக்கில் வைத்திருந்தோம். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி மாதத்துக் கடலோரக் காற்றைக் கேட்கவா வேண்டும்! அப்படி மிஞ்சிய நீர் ஆவியாகும்போது அதன் பரப்பு இழுவிசை மெல்லிய திசுவை நசுக்கிவிடுகிறது.

அப்புறம் புது பாட்டில் எடுத்து, நீரை உறிஞ்சிக்கொள்ளும் 3ஏ மூலக்கூறு சல்லடை மணிகளைப் போட்டு வைத்தேன். மணிகளின் தூசு திசுவில் ஒட்டக்கூடாது, மேலே தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். அதில் திசுவை மூன்று முறை ஊறவைத்தேன், ஒவ்வொன்றும் 15 நிமிடம். பரப்பு இழுவிசை தாக்காமல் உலர்த்தும் கிரிட்டிகல் பாயின்ட் கருவி எங்களிடம் இல்லை. அதனால் எச்எம்டிஎஸ் (ஹெக்சாமெத்தில்டைசிலசேன், பரப்பு இழுவிசை குறைந்த, எளிதில் ஆவியாகும் திரவம்): முதலில் எத்தனாலோடு பாதிக்குப் பாதி, பிறகு தனியாக இரண்டு முறை. ஆவியை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூட்டுக்குள் மூடியைச் சற்றே திறந்து ஓர் இரவு விட்டேன்.

மறுநாள் திரையில் செவுள் தகடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிமிர்ந்து நின்றன.